ஜான் ஆம்ப்ரோஸை இவ்வளவு நல்லவனாக எடுக்கச் சொன்னது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பி.எஸ். ஐ ஸ்டில் லவ் யூ' குறையில்லாத படம் இல்லை. கதையில் ஓட்டை உண்டு, இழுவை உண்டு, கதாநாயகனை வேண்டுமென்றே கொஞ்சம் மட்டம் தட்டியிருக்கிறார்கள். இத்தனையும் தெரிந்தேதான் சொல்கிறேன், எனக்கு அந்தப் படம் என்றால் உயிர். மனசு சரியில்லாத சாயங்காலங்களில் கை தானாக அதைத்தான் தேடிப் போடுகிறது. அக்கா பெண் வீட்டுக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இவன்தான் சரி, அவன்தான் சரி என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பார்ப்போம். நான் நாற்பதைத் தாண்டியவள், அவள் ப்ளஸ் டூ. பதின்வயதுக் காதல் படத்துக்கு நாங்கள் இருவருமே பொருத்தமான ரசிகைகள்தான். அவளுக்கு அது இனிமேல் நடக்க வேண்டியது, எனக்கு நடக்காமலே போனது.

இது இரண்டாம் பாகம். முதல் பாகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். லாரா ஜீன் சாங் கோவி என்று ஒரு பெண். அப்பா வெள்ளைக்கார டாக்டர். கொரிய வம்சாவளி அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று பெண்களில் நடுப்பெண் இவள். யார் மேலாவது ஆசை வந்தால் நேரில் சொல்லத் துணிச்சல் கிடையாது. ராத்திரி உட்கார்ந்து உருகி உருகிக் கடிதம் எழுதி, உறையில் போட்டு, விலாசமும் எழுதி, ஒரு தொப்பிப் பெட்டிக்குள் மறைத்து வைத்துவிடுவாள். அப்படி ஐந்து பையன்களுக்கு ஐந்து கடிதம். அக்காவுக்கு ஒரு நல்லது செய்வோமே என்று கடைக்குட்டி கிட்டி ஐந்தையும் தபாலில் சேர்த்துவிடுகிறாள். அதில் ஒன்று பள்ளியின் கண்மணியான பீட்டர் கவின்ஸ்கி கைக்குப் போகிறது. அவனுக்கோ பழைய காதலி ஜென்னுக்குக் கடுப்பேற்ற வேண்டும். இவளுக்கு வேறொருவன் கேள்வி கேட்காமல் தப்பிக்க வேண்டும். ஆக, காதலர்கள் மாதிரி நடிப்பது என்று காகிதத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொள்கிறார்கள். முத்தம் கூடாது, அவன் தினமும் அவளுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுத வேண்டும் என்றெல்லாம் ஷரத்துகள். நடிப்பு எப்போது நிஜமாகும் என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும், அந்த இரண்டு பேரைத் தவிர.

2018 ஆகஸ்டில் அந்த முதல் பாகம் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது உலகமே அந்தப் பையன் பின்னால் ஓடியது. பீட்டராக நடித்த நோவா சென்டினியோ அதுவரை யாரென்றே தெரியாத ஆள். கன்னத்தில் ஒரு தழும்பு, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த மாதிரி ஒரு குரல், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் 'கோவி' என்று குடும்பப் பேரால் கூப்பிடுகிற ஒரு பழக்கம். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் ஜீன்ஸ் பாக்கெட்டில் கைவைத்து அவளை ஒரு சுற்றுச் சுற்றுவான் பாருங்கள், அந்த இரண்டு நொடியை வைத்து எத்தனை பேர் எத்தனை வீடியோ போட்டார்கள்! படத்தில் அவன் போன் முகப்பில் வரும் புகைப்படம்கூட, படப்பிடிப்பு இடைவேளையில் இரண்டு நடிகர்களும் சோபாவில் அசந்து தூங்கியபோது எடுத்த நிஜப் படமாம். அந்த இணக்கம் திரையில் அப்படியே தெரியும். லாரா ஜீனாக வரும் லானா காண்டோரோ, பேசும்போதைவிடக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்னும் நன்றாக நடிப்பவள். எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் முகத்தில் மூன்று பதில்கள் வந்து போய்விடும்.

இந்த இடத்தில் ஜென்னி ஹானுக்கு ஒரு கும்பிடு போட்டே ஆகவேண்டும். 2014, 2015, 2017 என்று மூன்று நாவல்களாக இந்தக் கதையை எழுதியவர். படமாக்க வந்தவர்களில் பலர், நாயகி வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். முடியவே முடியாது என்று நின்றவர் அவர். அதற்கு ஒத்துக்கொண்ட ஒரே தயாரிப்பாளரிடம்தான் கொடுத்தார். வியட்நாமில் பிறந்து, அமெரிக்கத் தம்பதிக்குத் தத்துப் பெண்ணாக வளர்ந்த லானா அதனால்தான் நமக்குக் கிடைத்தாள். வேறு ஒருத்தியை அந்த அறையில், அந்தக் கட்டிலில் என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். 2020 பிப்ரவரி 12, காதலர் தினத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வந்தது. காதல் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அடிதடிப் படம் என்றால் புதிதாக ஒரு வில்லனைக் கொண்டுவந்து இறக்கிவிடலாம். காதல் படத்தில் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள், மைதானத்தில் முத்தமும் கொடுத்துக்கொண்டாயிற்று, அதற்கப்புறம் என்ன? நம் ஊரில் அந்த வம்பே வேண்டாம் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதே 2020இல் கௌதம் மேனன் 'விண்ணைத்தாண்டி வருவாயா' கார்த்திக்கையும் ஜெஸ்ஸியையும் ஒரு போன் பேச்சில் திரும்பக் கூட்டிவந்தார், அதுவும் ஊரடங்குக்குள் எடுத்த குறும்படம். முழுநீளப் படமாகத் தொடர யாருக்குமே கை நடுங்கும்.

இந்தப் படம் அந்த 'அதற்கப்புறம் என்ன' என்பதையே கதையாக எடுத்துக்கொண்டது. எனக்கு இது பிடித்துப்போனதற்கு முதல் காரணமும் அதுதான். தொடக்கத்தில் லாரா ஜீன் தன் அறையில் பழைய பாட்டுக்கு வாயசைத்துத் துள்ளிக் குதிக்கிறாள். பீட்டரோடு முதல் முறையாக 'நிஜமான' டேட்டிங் போகப் போகிறாளாம். பெரிய உணவகம், நல்ல உடை, அப்புறம் வானத்தில் விளக்குகள் பறக்கவிடும் திருவிழா. அங்கே நின்று, ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். பதினாறு, பதினேழு வயதில்தான் அப்படி ஒரு வாக்கைக் கூச்சமில்லாமல் கேட்க முடியும், கொடுக்கவும் முடியும். அக்கா பெண் அங்கே கைதட்டினாள். எனக்கு மட்டும் வயிற்றில் ஒரு சங்கடம். இப்படி ஒரு வாக்கைப் படத்தின் பத்தாவது நிமிஷத்தில் கொடுத்தால் மீதிப் படத்தில் என்ன நடக்கும் என்று தெரியாதா!

நடந்தும் தொலைக்கிறது. ஆனால் எப்படி நடக்கிறது என்பதில்தான் விஷயம். வெளியே இருந்து யாரும் வந்து கெடுக்கவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் லாரா ஜீனுக்கே உள்ளுக்குள் ஒரு அரிப்பு. இவன் ஜென்னையும் இந்த இடத்துக்குத்தான் கூட்டிவந்திருப்பானோ? இதே வார்த்தையை அவளிடமும் சொல்லியிருப்பானோ? ஜென்னுக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றுமே தெரியாதே? காதலர் தினத்தன்று பள்ளி முழுக்கப் பாட்டுக்குழு போய் ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் நின்று பாடுகிறது. தனக்கு வருமா வராதா என்று இவள் படும் பாடு இருக்கிறதே, காதலன் கிடைத்தவள் முகமா அது? காதலன் கிடைப்பதற்கு முன்னால் இவள் நிம்மதியாக இருந்தாள். தொப்பிப் பெட்டிக்குள் இருந்த பீட்டர் ஒருநாளும் இவளை ஏமாற்றியதில்லை. ரத்தமும் சதையுமான பீட்டரோ மறக்கிறான், தாமதமாக வருகிறான், அவனுக்கென்று ஒரு பழைய கதையும் இருக்கிறது. கனவில் காதலிக்கத் தெரிந்த பெண் நிஜத்தில் காதலிக்கத் திணறுவதை இவ்வளவு வாஞ்சையோடு காட்டிய பதின்வயதுப் படம் நான் வேறு பார்க்கவில்லை.

அப்போதுதான் வருகிறான் ஜான் ஆம்ப்ரோஸ் மெக்லாரன்.

ஐந்து கடிதங்களில் ஒன்று இவனுக்குப் போனது. முதல் படத்தின் கடைசியில், பேர் ஓடும்போது, கையில் பூங்கொத்தோடு லாரா ஜீன் வீட்டு வாசலில் வந்து நிற்பானே, அவன்தான் இவன். ஆனால் அவன் இல்லை! அங்கே நின்றது வேறு நடிகர். இரண்டாம் பாகத்தில் ஆளையே மாற்றி ஜோர்டன் ஃபிஷரைப் போட்டுவிட்டார்கள். வாசலில் வந்து நின்ற சமாசாரத்தையே நடக்காத மாதிரி துடைத்துவிட்டு, லாரா ஜீன் சேவை செய்யப் போகும் பெல்வியூ முதியோர் இல்லத்தில் இன்னொரு தொண்டனாக இவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தொடர்ச்சி, லாஜிக் என்று கேட்பவர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கு எரிச்சல் வர நேரமே இல்லை. அந்தப் பிள்ளை ஒரு சிரிப்புச் சிரித்தான், அவ்வளவுதான், போன படத்தில் வாசலில் நின்றவனை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

ஜோர்டன் ஃபிஷர் சும்மா ஆள் இல்லை. பிராட்வேயில் 'ஹாமில்டன்' நாடகத்தில் பாடி ஆடியவர். 2017இல் 'டான்ஸிங் வித் த ஸ்டார்ஸ்' போட்டியில் ஜெயித்தவர். இந்தப் படம் வெளிவந்த சமயத்தில்தான் 'டியர் எவன் ஹான்சன்' மேடை நாடகத்தின் நாயகனாகப் போயிருந்தார். மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க நடித்துப் பழகியவர், இங்கே எல்லாவற்றையும் அடக்கி, கண்ணாலேயே பேசுகிறார். அவன் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசிக்க, லாரா ஜீன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் காட்சியைப் பாருங்கள். அலட்டல் கிடையாது, யாரையும் மயக்கும் எண்ணம் கிடையாது. தனக்குப் பிடித்ததைத் தனக்காகச் செய்கிற பையன். லாரா ஜீனும் அந்த ரகம்தான். புத்தகம், பழைய படம், கையெழுத்துக் கடிதம் என்று இருப்பவள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிறார்கள்.

"பார்த்தியா சித்தி, பீட்டர்கிட்ட இவ இப்படிப் பேசியிருக்காளா? அவன்கிட்ட எப்பவும் பயந்து பயந்துதானே பேசுறா?"

"பயம் இருக்கிற இடத்துலதான்டி காதல் இருக்கும்."

"ஐயோ, போ சித்தி. இதெல்லாம் உங்க காலத்து டயலாக்."

வாயடைத்துப் போனேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. எடுத்தவர்களுக்கு அந்த உண்மை தெரிந்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இந்த ஆட்டத்தின் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. படத்தின் பேரே சொல்லிவிடுகிறது. போஸ்டரில் லானாவும் நோவாவும். மூன்றாம் பாகத்தையும் இதோடு சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அவள் பீட்டரிடம்தான் திரும்புவாள் என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படி இருக்கும்போது, தோற்பதற்கென்றே கொண்டுவரும் பையனைக் கொஞ்சம் சுமாராக எடுத்திருக்க வேண்டாமா? ஒரு சின்னக் கர்வம், ஒரு கெட்ட பழக்கம், ஏதாவது ஒன்று? இல்லவே இல்லை. தங்கத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். படத்தின் பெரிய பலவீனமும் அவன்தான், அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணமும் அவன்தான். இதை எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

அவனை உயர்த்திய கையோடு பீட்டரை இறக்கியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. முதல் படத்துப் பீட்டர் ஊர் சுற்றினாலும் கவனமான பையன். லாரா ஜீனோடு உட்கார்ந்து 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' பார்க்கும்போது, அதில் ஆசியப் பையனைக் கேலிப்பொருளாகக் காட்டுவது அசிங்கமாக இல்லையா என்று அவளிடமே கேட்டவன். இரண்டாம் பாகத்தில் அவனுக்கு அப்படி ஒரு காட்சிகூட இல்லை. காதலர் தினத்துக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி வாங்கித் தருகிறான், நல்லது. கூடவே ஒரு கவிதை சொல்கிறான். அவள் கண் பனிக்கக் கேட்கிறாள். அவனே அவளுக்காக எழுதியது என்று நினைத்துப் பூரித்துப்போகிறாள். அது எட்கர் ஆலன் போ எழுதியதில் அவள் பெயரைச் செருகியது என்று பிறகு தெரியவருகிறது. தேர்வில் காப்பியடித்தால் மன்னிக்கலாம், காதலில் காப்பியடித்தால் எப்படி ஐயா? அதுவும் புத்தகப் புழுவான ஒரு பெண்ணிடம்! ஒரு நிமிஷம் தேடினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரியாதா?

கவிதையைக்கூட விட்டுவிடலாம். ஜென் விஷயத்தில் அவன் வாயைத் திறக்காததுதான் கதையை உடைக்கிறது. ஜென்னின் அப்பா அம்மா பிரிகிறார்கள். தன்னையும் அப்பா விட்டுவிட்டுப் போனவர் என்பதால் பீட்டருக்கு அந்த வலி தெரியும், அதனால் ஆறுதலாக இருக்கிறான். இதை ஒரே வாக்கியத்தில் லாரா ஜீனிடம் சொல்லியிருந்தால் படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். சொல்லாமல் விடுகிறான். விஷயம் வேறு வழியில் தெரியவந்து, அவள் உடைந்து, சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒருவர் வாய் திறந்து பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினையை வைத்து முழுப் படம் ஓட்டுவதை நம் சீரியல்களில் பார்த்துப் பழகியவர்கள்தான் நாம். இருந்தாலும் பீட்டர் கவின்ஸ்கிக்கு இந்த வேலை தகாது. லாரா ஜீனும் சளைத்தவள் இல்லை. தனக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்பதை ஜானிடம் அவளும்தான் சொல்லாமல் இருக்கிறாள். மர வீட்டில் பழைய நண்பர்கள் எல்லோரும் கூடும் நாளில் அது வெளிப்படுகிறது. அப்போது ஜான் முகம் சுருங்குவதைப் பார்க்க மனசு வராமல் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நாவலைப் படித்தவர்களுக்கு இன்னும் சில வருத்தங்கள் உண்டு. புத்தகத்தில் ஜானும் லாரா ஜீனும் கடிதம் எழுதிக்கொள்வார்கள். நேரில் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் நெருங்கிவிடுவார்கள். கடிதத்தில் ஆரம்பித்த கதைக்கு அது எவ்வளவு பொருத்தம்! நண்பர்கள் கூட்டம் முழுக்கச் சேர்ந்து ஒருவரை ஒருவர் ஒளிந்திருந்து பிடித்து ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் ஒரு விளையாட்டும் வரும், அதையும் படத்தில் எடுத்துவிட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லாத படத்தில் எதைத்தான் வைப்பார்கள், புரிகிறது. புரிந்தும் அந்தக் கடிதங்களை மட்டும் விட்டிருக்கக் கூடாது.

குறை சொல்லி முடித்துவிட்டேன். இனி வாயாரப் புகழப்போகிறேன், யாரும் குறுக்கே வராதீர்கள்.

ஸ்டார்மி! பெல்வியூவில் வசிக்கும் அந்தக் கிழவியாக ஹாலண்ட் டெய்லர். 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' தொடரில் மகன்களை ஆட்டிப்படைத்த அம்மாவாக வந்தவர். 1943இல் பிறந்தவர், இந்தப் படத்தில் நடிக்கும்போது எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று. வார்த்தைக்கு வார்த்தை வில்லங்கம், நடையில் ஒரு மிடுக்கு, காதல் விஷயத்தில் வெட்கம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மனுஷி. லாரா ஜீன் வந்து தன் குழப்பத்தைச் சொல்லும்போது, "எல்லாம் சரியாகிவிடும் கண்ணு" என்று தலையைத் தடவிக்கொடுக்கும் பாட்டி இல்லை இவர். இரண்டு பேர் பிடித்திருந்தால் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்துவிட்டு முடிவெடேன், என்ன அவசரம் என்கிற ரகம். பதின்வயதுப் படத்தில் ஒரு முதியவளுக்கு இவ்வளவு ஆசாபாசத்தோடு இடம் கொடுத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. புத்தகத்தில் இவர் ஜானின் குடும்பத்துப் பெரியவர், அவன் அங்கே வருவதே இவருக்காகத்தான். படத்தில் அந்த உறவை விட்டுவிட்டார்கள், ஆனாலும் ஸ்டார்மியின் கம்பீரம் குறையவில்லை.

அப்புறம் அந்த நிறங்கள். இயக்குநர் மைக்கேல் ஃபிமோக்னாரி முதல் படத்துக்கு ஒளிப்பதிவாளர். அதை இயக்கியவர் சூசன் ஜான்சன். இரண்டாவதற்கு இவரே இயக்குநர் ஆனார். இவருடைய மற்ற வேலைகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 'டாக்டர் ஸ்லீப்' என்று ராத்திரி தனியாகப் பார்க்க முடியாத பேய்க்கதைகளுக்கு ஒளிப்பதிவு செய்தவர். இருட்டுக்குள் பேயை நிறுத்தத் தெரிந்தவர், இங்கே மஞ்சளும் இளஞ்சிவப்பும் கடல் பச்சையுமாக இழைத்திருக்கிறார். லாரா ஜீன் அறைச் சுவர், அவள் தலையில் கட்டும் ரிப்பன், பள்ளி லாக்கர் வரிசை என்று எதைப் பார்த்தாலும் வண்ணம் வண்ணமாக இருக்கிறது. சட்டகத்தின் நடுவில் அவளை நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் சரிசமமாக அமைத்து எடுப்பது இவருக்குப் பிடித்த வேலை. அவள் குழம்பும்போது அந்த ஒழுங்கு கொஞ்சம் கலையும். ஒளிப்பதிவுக்காரர் இயக்கினால் இது ஒரு லாபம். கதை நொண்டும் இடத்திலும் கண்ணுக்குக் குறையே இல்லை.

கொரியப் புத்தாண்டுக்கு லாரா ஜீனும் கிட்டியும் ஹன்போக் உடுத்தி அம்மா வழிச் சொந்தங்களோடு இருக்கும் ஒரு சின்னக் காட்சி வரும். கதைக்கு அது தேவையே இல்லை. இருந்தும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பண்டிகையில் சின்னவர்கள் பெரியவர்களை மண்டியிட்டு வணங்கிக் காசு வாங்குவது வழக்கம். தீபாவளிக்குக் காலில் விழுந்து எழுந்து காசு வாங்கிய கைகளுக்கு அது அப்படியே நம் வீட்டுக் கூடம் மாதிரி இருக்கும். அம்மா இல்லாத பெண்கள் அம்மாவின் ஊர் உடையை உடுத்திக்கொண்டு நிற்பதை யாரும் வசனத்தில் விளக்கவில்லை, பின்னணி இசையில் அழவைக்கவும் இல்லை. ஜென்னி ஹான் பிடிவாதமாக நின்றதற்கு இந்த ஒரு காட்சி போதும் எனக்கு.

அப்பாவாக வரும் ஜான் கார்பெட்டுக்கு இந்த முறை ஒரு துணை. பக்கத்து வீட்டு ட்ரினாவாக இந்திய வம்சாவளி நடிகை சரயு ப்ளூ வருகிறார். பல வருஷமாக மனைவியை நினைத்துக்கொண்டே காலம் தள்ளிய மனிதர் மறுபடி ஒரு பெண்ணிடம் பேசத் தடுமாறுவதும், கிட்டி அதற்குத் தூபம் போடுவதும் நன்றாகத்தான் இருக்கும். கிட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது, அன்னா கேத்கார்ட் வாயைத் திறந்தால் மற்றவர்கள் எல்லோரும் ஒரு படி கீழே. பிற்பாடு அவளை வைத்தே 'எக்ஸ்ஓ, கிட்டி' என்று தொடர் எடுத்துவிட்டார்கள்.

நான் இந்தப் படத்தில் மிகவும் நேசிப்பது இரண்டு பையன்களும் இல்லாத ஒரு காட்சியை. மர வீட்டில் லாரா ஜீனும் ஜென்னும் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு காலத்தில் உயிர்த்தோழிகள். அப்புறம் பேச்சு நின்று, பீட்டர் நடுவில் வந்து, ஒருத்தியைக் கண்டால் இன்னொருத்திக்கு ஆகாமல் போனது. முதல் படம் முழுக்க ஜென்னை வில்லியாகவே காட்டினார்கள். புருவத்தை ஏற்றிக்கொண்டு வருவாள், குத்திப் பேசிவிட்டுப் போவாள். இங்கே எமிலியா பாரனாக் அந்த முகமூடியை மெல்லக் கழற்றுகிறார். அப்பா அம்மா பிரியப்போகிற வீட்டில் வளரும் ஒரு சின்னப் பெண் உள்ளே இருக்கிறாள். மன்னிப்பும் கேட்டுக்கொள்ளவில்லை, கட்டிப்பிடித்து அழவும் இல்லை. அவரவர் பக்கத்தைச் சொல்கிறார்கள், மற்றவள் கேட்கிறாள். அவ்வளவுதான். பதினைந்து வயதில் பேச்சு நின்றுபோன ஒரு சிநேகிதி யாருக்குத்தான் இல்லை? காதல் முறிந்தால் பாட்டு எழுத ஆள் இருக்கிறது. தோழி போனால் ஊரில் யாருமே துக்கம் விசாரிப்பதில்லை. அந்தக் காட்சி வந்தபோது அக்கா பெண் போனைக் கீழே வைத்துவிட்டாள். அவள் போனைக் கீழே வைப்பது பெரிய சமாசாரம்.

பிறகு பெல்வியூவில் அந்த நட்சத்திர விருந்து. லாரா ஜீன் நீல கவுனில் படி இறங்குகிறாள். ஜான் ஆம்ப்ரோஸ் கோட்டு சூட்டில் நிற்கிறான். ஆடுகிறார்கள். வெளியே பனி. முத்தம். அந்த முத்தத்தில்தான் அவளுக்குத் தெரிகிறது, மனசு பீட்டரிடம்தான் இருக்கிறது என்று. ஐயோ, அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்! ஒருவனை முத்தமிட்டு இன்னொருவனைக் கண்டுபிடிப்பது எந்த ஊர் நியாயம்? ஆனாலும் அவன் அதை வாங்கிக்கொள்ளும் விதத்தைப் பாருங்கள். கோபப்படவில்லை, கெஞ்சவில்லை, அவளைக் குற்றவாளியாக்கவில்லை. தோற்கும்போது ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை வைத்து மாப்பிள்ளை பார்த்தால் ஜானுக்குத்தான் நூற்றுக்கு நூறு.

அவள் வெளியே ஓடி வருகிறாள். அங்கே பீட்டர் நிற்கிறான். எதற்கு வந்தான் தெரியுமா? பனியில் வண்டி ஓட்ட அவளுக்குப் பயம் என்று தெரியும், அதனால் கூட்டிப்போக வந்தான். இருவரும் பிரிந்தாயிற்று, அவள் இன்னொருவனோடு விருந்துக்குப் போயிருக்கிறாள், இருந்தும் வந்து நிற்கிறான். படம் முழுக்கப் பீட்டரைத் தேய்த்து வைத்திருந்தவர்கள் இந்த ஒரு இடத்தில் அவனை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போவின் கவிதையைத் திருடியவன் தன் சொந்தச் சரக்காக வைத்திருந்தது இதுதான். இவளுக்கு எது பயம் என்பது அவனுக்குத் தெரியும். விளக்குத் திருவிழாவில் கொடுத்த அந்த நோகடிக்காத வாக்கை இங்கே பனியில் நின்று இருவரும் தலைகீழாக்கிக்கொள்கிறார்கள். நோகும் என்றால் நோகட்டும், பரவாயில்லை என்பதாக. நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன்.

"சித்தி, உட்காரு. கார் ஓட்டத் தெரிஞ்சா போதுமா? ஜானும் லைசென்ஸ் வெச்சிருப்பான்."

"ஓட்டத் தெரிஞ்சது பெருசில்லடி, அவளுக்குப் பயம்னு ஞாபகம் வெச்சிருந்தானே."

"அதை ஜான்கிட்ட அவ சொன்னாதானே அவன் ஞாபகம் வெச்சுப்பான்? அவனுக்குச் சான்ஸே குடுக்கல!"

இந்தச் சண்டையில் எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, என் பக்கம் பீட்டர் இருக்கிறான். ஜென்னி ஹானுக்கு இப்படிக் குடும்பங்களைப் பிரித்து வைப்பதே தொழில் போலிருக்கிறது. 'த சம்மர் ஐ டர்ன்ட் ப்ரிட்டி' தொடரில் அண்ணனா தம்பியா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றதே, எங்கள் வீட்டில் அதற்கும் பஞ்சாயத்து நடந்தது. அதில் மட்டும் சித்தியும் பெண்ணும் ஒரே கட்சி.

மூன்றாம் பாகம் 'ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர்' சரியாக ஒரு வருஷம் கழித்து, 2021 பிப்ரவரி 12இல் வந்தது. சியோல் போகிறார்கள், நியூயார்க் போகிறார்கள், எந்தக் கல்லூரி என்ற கேள்வி வருகிறது, பீட்டர் பழையபடி நல்ல பையனாகிவிட்டான். அழகான படம்தான். அதைப் பார்க்க உட்கார்ந்தபோது அக்கா பெண் ஆரம்பத்திலிருந்தே ஒரே ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கல்யாணக் காட்சி வந்தது, கூட்டத்தில் ஒரு ஓரத்திலாவது வருவான் என்று பார்த்தாள். வரவில்லை. ஜான் ஆம்ப்ரோஸ் மெக்லாரன் மூன்றாம் பாகத்தில் ஒரு காட்சிக்குக்கூட இல்லை. பியானோ வாசித்த பிள்ளையை அப்படியே மறந்துவிட்டார்கள்.

"இதுக்கு மட்டும் நீ என் கட்சிதானே சித்தி?" என்றாள்.

இதில் என்ன சந்தேகம்? ஒரு கல்யாணப் பத்திரிகையாவது அனுப்பியிருக்கலாம் அந்தப் பையனுக்கு.